மூன்று மணி சுகர்

அந்தச் சுகர் நோட்டைப் புரட்டியதுமே பொய்க் கணக்கு என்று தெரிந்துவிட்டது. ஒரு மாதக் கணக்கும் ஒரே பேனா, ஒரே சாய்வு. 112, 108, 120, 115. எந்தப் பக்கத்திலும் விரல் நுனியின் ரத்தப்பொட்டு ஒன்றுகூட இல்லை. நிஜமாகவே பார்த்து எழுதுகிற பிள்ளைகளின் நோட்டு இவ்வளவு சுத்தமாக இருக்காது.

மதுரையில் ஒரு மருத்துவமனையின் சர்க்கரை நோய்ப் பிரிவில் நர்ஸாக இருக்கிறேன். இன்சுலின் ஊசி போடக் கற்றுக்கொடுப்பது, நோட்டைப் பார்ப்பது, வீட்டாரிடம் பேசுவது என் வேலை. அந்தப் பெண் அப்போது பத்தாம் வகுப்பு. ஒன்பது வயதிலிருந்து டைப் ஒன், அதாவது உடம்பில் இன்சுலின் சுரக்காததால் தினமும் ஊசி போட்டே ஆக வேண்டிய சர்க்கரை நோய். மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சி 10.4 என்று வந்திருக்க, நோட்டில் மட்டும் எல்லாம் நூற்றுச் சொச்சம். குளுக்கோமீட்டரை வாங்கி மெமரியைத் தட்டினேன். காலை வெறும் வயிற்றில் 264, 281, 249, 290.

“ராத்திரி திருட்டுத்தனமா திங்கிறா சிஸ்டர். டப்பாவுல முறுக்கு குறையுது” என்றார் அப்பா. அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டது. நானும் அதைத்தான் நினைத்தேன். போன தடவை இரவு ஊசியை நான்கு யூனிட் கூட்டியும் காலை சுகர் இறங்கவில்லை என்றால் வேறென்ன காரணம் இருக்கும்? சாப்பாட்டைப் பற்றி ஒரு நீளமான பிரசங்கம் செய்தேன். இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

அப்புறம் வழக்கமான சோதனைகள். சிரிஞ்சைப் பார்த்தேன்: ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ள மருந்துக்குச் சிவப்பு மூடி, சரிதான். (100 யூனிட் மருந்துக்கான ஆரஞ்சு மூடி சிரிஞ்சை மாற்றி வாங்கிப் போட்டு அவதிப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.) வயிற்றிலும் தொடையிலும் ஒரே இடத்தில் குத்திக் கட்டிபட்டிருக்கிறதா என்று தடவிப் பார்த்தேன். இல்லை. வீட்டில் ஃபிரிட்ஜ் கிடையாது. மணல் போட்டுத் தண்ணீர் தெளித்த மண்பானைக்குள் மருந்து பத்திரமாக இருந்தது.

மிச்சம் இருந்தது ராத்திரி மூன்று மணி சுகர். இரவு படுக்கும்போது, மூன்று மணிக்கு, விடிந்ததும் என்று மூன்று நாள் பார்த்து வரச் சொல்வோம். பெரும்பாலான வீடுகளில் இது நடக்காது, அலாரத்தை அணைத்துவிட்டுத் தூங்கிவிடுவார்கள். ஸ்ட்ரிப் செலவு வேறு. ஆனால் இந்த அம்மா மல்லிகை பறிக்கப் போகிறவர். “மூணு மணிக்கு நான் எந்திரிச்சுருவேன் சிஸ்டர். பூ மொட்டா இருக்கயில பறிக்கணும்ல” என்றார்.

அடுத்த வாரம் அம்மாவின் கையெழுத்தில் ஒரு காகிதம் வந்தது. முதல் நாள் படுக்கும்போது 168, மூன்று மணிக்கு 61, காலை 271. இரண்டாம் நாள் மூன்று மணிக்கு 66. மூன்றாம் நாள் 102, அன்றும் காலையில் 243.

“ராத்திரி வேர்த்துக் கெடப்பா சிஸ்டர். கரண்டு இல்லாத புழுக்கம்னு இருந்துட்டேன்.”

அந்தப் பெண் அன்றுதான் வாயைத் திறந்தது. “பசிச்சு முழிப்பு வரும். கை நடுங்கும். முறுக்கு திம்பேன். சொன்னா அப்பா திட்டுவாரு.”

நாங்கள் திருட்டு என்று சொன்னது, லோ சுகரில் உடம்பு தன்னைக் காப்பாற்றிக்கொண்ட வேலை. நான் அதற்குத்தான் பிரசங்கம் செய்திருக்கிறேன்.

அவள் இரவு ஏழு மணிக்குப் போட்டது 30/70 கலவை இன்சுலின். அதில் 30 பங்கு சீக்கிரம் வேலை செய்யும் சாதா இன்சுலின்; 70 பங்காக இருக்கும், மெதுவாக வேலை செய்யும் என்பிஎச் மருந்து நான்கு மணி நேரத்திலிருந்து பத்து மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போகும். அதாவது நடுராத்திரியில் வேகம், விடியும்போது தளர்ச்சி. உடம்பின் கணக்கோ நேர் எதிர். அதிகாலையில் வளர்ச்சி ஹார்மோனும் கார்ட்டிசோலும் கூடும். கல்லீரல் சர்க்கரையை இறக்கிவிடும். பருவ வயதில் இது இன்னும் பலம். அதற்கு முன் ஒரு நாளைக்கு எடையில் கிலோவுக்கு ஒரு யூனிட்டுக்குள் அடங்கிய பிள்ளைக்கு, இந்த வயதில் இரண்டு யூனிட் வரைகூடத் தேவைப்படலாம். மருந்து தூங்கப் போகும் நேரத்தில் சர்க்கரை எழுந்துகொள்கிறது. இதில் ஏழு மணி ஊசியைக் கூட்டினால் நடுராத்திரி லோ ஆழமாகுமே தவிர, காலை சுகர் அசையாது.

நாங்கள் படித்த காலத்தில் இரவு லோ, காலை ஹை என்றாலே ‘சொமோஜி’ என்று எழுதுவோம். 1930களில் அமெரிக்காவில் சொமோஜி என்ற உயிர்வேதியியலாளர் சொன்ன விளக்கம்: லோவுக்குப் பதிலடியாக உடம்பே சுகரை ஏற்றிவிடுகிறது என்று. தோலில் ஒட்டி இரவு முழுக்கப் பார்க்கும் சென்சார் வந்த பிறகு, அது நினைத்த அளவுக்கு நடப்பதில்லை என்று தெரிந்தது. இவள் விஷயத்தில் முறுக்கும் மருந்து தீர்ந்ததுமே போதுமான காரணம் என்பது என் எண்ணம். மூன்றாம் நாள் லோவும் இல்லை, முறுக்கும் இல்லை, ஆனாலும் 243.

டாக்டர் கலவையைப் பிரித்தார். சாப்பாட்டுக்கு முன் சாதா இன்சுலின் மட்டும். என்பிஎச்சை அளவு குறைத்துப் படுக்கும் முன் பத்து மணிக்கு. (இதைப் படித்துவிட்டு யாரும் தாங்களாக மாற்றிவிடாதீர்கள்.) நாள் முழுக்கச் சீராக வேலை செய்யும் கிளார்ஜின் என்ற இன்சுலின் இன்னும் தோது. ஆனால் அன்றைக்கு அந்த வீட்டுக்கு அதன் விலை கட்டாது.

மூன்று வாரத்தில் காலை 150, 170 என்று வந்தது. மூன்று மணிக்கு நூறுக்குக் கீழே போகவில்லை. பரீட்சை மாதத்தில் மறுபடி 200ஐத் தாண்டியது, மறுபடி மாற்றினோம். இந்த வயதில் அப்படித்தான், ஆறு மாதம் ஒரே அளவு நின்றால் எனக்கே சந்தேகம் வரும்.

அதற்குப் பிறகு எந்தப் பிள்ளையின் முன்னாலும் மீட்டர் மெமரியைத் தட்டி “பொய் சொன்னியா” என்கிற தொனியில் கேட்பதில்லை. ‘நல்ல சுகர்’, ‘கெட்ட சுகர்’ என்ற வார்த்தைகளையும் விட்டுவிட்டேன். வீட்டில் சுகரை மார்க் ஷீட் மாதிரி பார்த்தார்கள், அவளும் மார்க்கைத் திருத்தினாள். அவ்வளவுதான்.

போன தடவை வந்தபோது நோட்டில் மூன்று வகைப் பேனா. ஒரு பக்கத்தில் காய்ந்த ரத்தப்பொட்டு. ஒரு திங்கட்கிழமைக்கு எதிரே, “218. நேத்து பாட்டி ஊர்த் திருவிழா. பணியாரம் நாலு” என்று எழுதியிருந்தது.

நாலு என்பதை மட்டும் நான் நம்பவில்லை.