வற்றிய வாய்க்காலில் போன 1.25 மார்க்

ரிசல்ட் வந்து மூன்று நாள் ஆகிறது. வங்கி கிளார்க் பட்டியலில் என் நம்பர் இருக்கிறது. தேர்வு பேட்டர்ன் எல்லாம் படிக்கிற உங்களுக்கே தெரியும். அதனால் போன தடவை பிரிலிம்ஸில், அதாவது முதல்நிலைத் தேர்வில், என்னைக் கவிழ்த்த ஒரு கேள்வியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

'ரன்' என்ற சொல், மூன்று வாக்கியங்கள். எதிலெல்லாம் சரியாக வந்திருக்கிறது? அதில் ஒன்று, 'தி கெனால் ரேன் டிரை பை மார்ச்'; மார்ச்சுக்குள் வாய்க்கால் வற்றிவிட்டது என்று அர்த்தம். வற்றிய வாய்க்கால் எப்படி ஓடும் என்று நானாக நினைத்து அதை அடித்துவிட்டேன். எனக்கு நீடாமங்கலம் பக்கம், வெண்ணாறு பிரிகிற மூணாறு தலைப்புக்குக் கீழே. ஜனவரி 28-ல் மேட்டூரை மூடினால் மார்ச்சில் எங்கள் வாய்க்காலில் ஆடு மேயும். அதைப் பார்த்தே வளர்ந்தவன் அந்த வாக்கியத்தைத் தப்பு என்று போட்டேன்! சரியாகப் போட்டிருந்தால் 1, தப்புக்கு மைனஸ் 0.25. கட்-ஆஃபுக்கு 0.75 மார்க் பற்றவில்லை.

ரன் என்றால் ஓடு, அதோடு நிறுத்தியிருந்தேன். மோட்டார் ஓடுகிறது, பஸ் ஓடுகிறது, படம் நூறு நாள் ஓடுகிறது. இதுவரை 'ரன்', 'ஓடு' இரண்டும் சேர்ந்தே வரும். பிரிகிற இடத்தில்தான் மார்க். மூக்கு ஒழுகினாலும் ரன், வேட்டியில் சாயம் இறங்கினாலும் ரன், கடை நடத்தினாலும் ரன். ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்காரர்கள் இந்த ஒரு வினைக்கு 645 பொருள் எண்ணியிருக்கிறார்கள். மனப்பாடம் பண்ணுகிறவர்களுக்கு என் அனுதாபம்.

நான் செய்தது:

- ஒரு வினைக்கு ஒரு பக்கம். ரன், டேக், புட், டர்ன். நாலே பக்கம்.
- எதிரில் நம் ஊர் விஷயம். டீசல் தீர்ந்தது: ரன் அவுட் ஆஃப். உரக்கடையில் கடன் ஏறியது: ரன் அப். சந்தையில் சித்தப்பா எதிர்ப்பட்டது: ரன் இன்டு. தாத்தா, அப்பா, அண்ணன் எல்லாருக்கும் வழுக்கை: ரன் இன் தி ஃபேமிலி.
- அர்த்தம் எழுதாதீர்கள். சம்பவம் எழுதுங்கள்.

உட்கார்ந்து படிக்க எனக்கு வராது. காலையில் வெண்ணாற்றங்கரையில் நடந்துகொண்டே சத்தமாகச் சொல்வேன். மாடு ஓட்டி வந்த மாமா ஒருவர், "யாருகிட்டப்பா இங்கிலீஷ் பேசுறே?" என்று சுற்றிலும் பார்த்தார். உங்களுக்கு அறைக்குள் படித்தால்தான் ஏறும் என்றால் சரி, அப்படியே செய்யுங்கள்.

இவ்வளவு பண்ணியும் இந்தத் தடவை ரன் வரவே இல்லை. 'டேக் ஆஃப்டர்' வந்தது. அந்தப் பக்கத்தில் 'தங்கச்சி அப்படியே அம்மா ஜாடை' என்று எழுதி வைத்திருந்தேன். யோசிக்காமல் போட்டேன்.