ஒரு குட்டி டிவி நிலையத்தின் வரலாற்றைத் தேடியபோது

அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் நான் இருக்கும் சிற்றூரில் ஒரு குறைந்த சக்தித் தொலைக்காட்சி நிலையம், அதாவது சிறிய வட்டாரத்துக்கு மட்டும் ஒளிபரப்பும் குட்டி நிலையம், உண்டு. ஊர் நூலகத்தின் உள்ளூர் வரலாற்று அலமாரியில் ரயில் நிலையத்துக்குக் கோப்பு இருக்கிறது, தீயணைப்புப் படைக்கு இருக்கிறது, டிவிக்கு இல்லை. அங்கே தன்னார்வலராகப் போய்க்கொண்டிருந்த என்னிடம் அந்தக் கோப்பைத் தயாரிக்கும் வேலை வந்தது.

நிலையத்தில் போய்க் கேட்டால் எல்லாம் கிடைத்துவிடும் என்றுதான் யாருக்கும் தோன்றும். அங்கே ஒன்றும் இல்லை. உரிமையாளர்கள் மாறிவிட்டார்கள், பழைய ஸ்டூடியோ கட்டடம் கைமாறிவிட்டது. காசை மிச்சம் பிடிக்க ஒரே டேப்பில் திரும்பத் திரும்பப் பதிவு செய்ததில் நிகழ்ச்சிகளும் போய்விட்டன. இந்த மாதிரி நிலையங்களின் வரலாறு அவற்றின் கையில் இருப்பதில்லை. உரிமம் கொடுக்கும் அரசு அமைப்பான எஃப்.சி.சி.யிடம் அவை காலாகாலமாகப் போட்ட விண்ணப்பங்களில்தான் இருக்கிறது.

கொஞ்சம் பின்னணி. பெரிய நிலையத்தின் சிக்னலை வாங்கி வேறு சானலில் மறுபடி அனுப்பும் சிறு டிரான்ஸ்லேட்டர்களுக்கு 1956 முதலே அனுமதி உண்டு. மலைப்பகுதி ஊர்கள் அவற்றை நம்பியே டிவி பார்த்தன. அவையும் சொந்தமாக நிகழ்ச்சி தயாரித்து ஒளிபரப்பலாம் என்று 1982-இல் எஃப்.சி.சி. வழி திறந்தது. கூடவே ஒரு நிபந்தனை: இவை இரண்டாம் நிலைதான். முழுச் சக்தி நிலையத்துக்கு இடைஞ்சல் செய்யக் கூடாது. அது செய்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். இந்த ஒரு விதியைப் புரிந்துகொண்டால் அடுத்த நாற்பது ஆண்டு ஓட்டமும் புரியும்.

தேடலில் முதல் முட்டுக்கட்டை பெயர். இந்த நிலையங்களின் அழைப்புக் குறி கே அல்லது டபிள்யூ என்று தொடங்கும், அப்புறம் சானல் எண், கடைசியில் இரண்டு எழுத்து. 26-ஆம் சானல் என்றால் கே26 என்று ஆரம்பிக்கும். சானல் மாறினால் குறியும் மாறிவிடும். வீடு மாறும்போதெல்லாம் பெயரையும் மாற்றிக்கொள்ளும் ஆளை எப்படித் தேடுவது? பிற்காலத்தில் நாலெழுத்துப் பெயர்கள் வந்தன, பின்னால் எல்.பி., டிஜிட்டலுக்கு எல்.டி. என்று ஒட்டிக்கொண்டன. ஊர்க்காரர்கள் சொல்லும் சானல் எண்ணையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. டிஜிட்டலுக்குப் பிறகு திரையில் தெரியும் எண் வேறு, உண்மையில் அலை போகும் சானல் வேறாக இருக்கலாம்.

இதற்கெல்லாம் மருந்து ஒன்றுதான்: நிலைய அடையாள எண். எஃப்.சி.சி. ஒவ்வொரு நிலையத்துக்கும் ஓர் எண் கொடுத்திருக்கிறது. பெயர், சானல், உரிமையாளர் எது மாறினாலும் அது மாறாது. இப்போதைய குறியைக் கொண்டு எல்.எம்.எஸ். என்ற எஃப்.சி.சி. தரவுத்தளத்தில் அந்த எண்ணைப் பிடித்தேன். அதை வைத்துத் தேடியதும் பழைய விண்ணப்பங்கள் வரிசையாக வந்து நின்றன.

எண்பதுகளின் பதிவுகள் பெரும்பாலும் ஒற்றை வரிதான், உள்ளே ஆவணம் கிடையாது. ஆனால் கோப்பு எண்ணே பேசுகிறது. பி.பி.டி.டி.எல். என்று தொடங்கினால் கட்டுமான அனுமதிக்கான விண்ணப்பம், பி.எல்.டி.டி.எல். என்றால் கட்டி முடித்து உரிமம் கேட்டது. அடுத்து வரும் இலக்கங்களில் தேதி இருக்கும். இரண்டு தேதிகளுக்கும் நடுவில்தான் கதையே. எங்கள் சானலுக்குப் பலர் போட்டி போட்டிருந்தார்கள். அந்தக் காலத்தில் ஒரே சானலைப் பலர் கேட்டால் குலுக்கல். 1983-இல் அந்த முறை தொடங்கியது. வென்றவர் இந்த மாநிலத்துக்காரரே அல்ல. உள்ளூர்க்காரர்கள் கைக்கு நிலையம் வந்தது பிறகுதான்.

அரசுப் பதிவு சொல்லாத ஒன்று உண்டு: உரிமம் இருக்கிறது என்றால் ஒளிபரப்பு நடந்தது என்று அர்த்தமில்லை. தொடர்ந்து 12 மாதம் மௌனமாக இருந்தால் உரிமம் தானாகவே காலாவதியாகும் என்று 1996-இல் சட்டம் வந்தது. அதனால் கெடுவுக்குச் சற்று முன்னால் டிரான்ஸ்மிட்டரைப் போட்டுவிட்டு மறுபடி அணைக்கும் வழக்கம் இத்துறையில் சகஜம். எங்கள் நிலையத்தின் ‘ஒளிபரப்பு நிறுத்தம்’ அறிவிப்புகளையும் ‘மீண்டும் தொடங்கினோம்’ கடிதங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது.

மௌனமாக இல்லாத காலத்தில் என்ன காட்டினார்கள் என்பதற்கு உள்ளூர் வாரப் பத்திரிகையின் மைக்ரோஃபிலிம்தான் கைகொடுத்தது. உயர்நிலைப் பள்ளிக் கால்பந்து, நகரசபைக் கூட்டம், ஞாயிறு தேவாலய ஆராதனை, இடையிடையே எழுத்துப் பலகையில் இரங்கல் அறிவிப்புகள். முன்னாள் கேமராக்காரர் ஒருவர் வீட்டு நிலவறையில் முக்கால் அங்குல யு-மேட்டிக் டேப்புகள் சில கிடைத்தன. அவற்றை ஓட்டும் கருவி கிடைப்பது டேப்பைவிடக் கடினம். ஒரு பல்கலைக்கழக ஆவணக்காப்பகம் உதவியது. இங்கே ஒரு எச்சரிக்கை: வெகுநாள் கிடந்த டேப்பைக் கருவியில் அப்படியே போட்டுவிடாதீர்கள். காந்தப் பூச்சைப் பிடித்துவைக்கும் பசை இளகி உரிந்து டேப்பும் போகும், கருவியும் கெடும். முதலில் தெரிந்தவர்களிடம் காட்டுங்கள்.

பிற்பகுதி முழுக்கச் சானல் விட்டுச் சானல் இடப்பெயர்ச்சிதான். முழுச் சக்தி நிலையங்கள் 2009 ஜூன் 12-இல் பழைய அனலாக் முறையை விட்டு டிஜிட்டலுக்கு மாறின. சிறியவற்றுக்கு அந்தக் கட்டாயம் இல்லை, எங்களுடையது அனலாக்கிலேயே இருந்தது. 2017-இல் முடிந்த அலைக்கற்றை ஏலத்தில் 38 முதல் 51 வரையான சானல்கள் செல்பேசி நிறுவனங்களுக்குப் போயின. இரண்டாம் நிலையில் இருந்தவர்களுக்கு அங்கே இடம் கேட்கும் உரிமை கிடையாது. 2018-இல் ஏப்ரல் 10 முதல் ஜூன் 1 வரை புதுச் சானல் தேடி விண்ணப்பிக்க ஒரு வாய்ப்பு மட்டும் கிடைத்தது. எங்கள் நிலையம் அப்போது விண்ணப்பித்து நகர்ந்தது. அந்த விண்ணப்பத்தின் வரைபடத்தில் புதிய ஒளிபரப்பு எல்லை எதுவரை, எந்தப் பண்ணைகள் வெளியே போயின என்பது வரைக்கும் தெரிகிறது. மிச்சமிருந்த சிறு நிலையங்கள் அனலாக்கை நிறுத்தக் கடைசி நாள் 2021 ஜூலை 13. அலாஸ்காவுக்கு மட்டும் இன்னும் கொஞ்சம் அவகாசம் கொடுத்தார்கள்.

இப்போது நூலகக் கோப்பில் அடையாள எண் முதல் பக்கத்தில் இருக்கிறது. அடுத்து சானல்களும் பெயர்களும் தேதிவாரியாக, அப்புறம் பத்திரிகைத் துணுக்குகள், கடைசியில் டேப்புகளின் டிஜிட்டல் நகல்கள். கால்பந்து நகலைத்தான் ஆட்கள் வந்து கேட்கிறார்கள். உரிமப் பக்கங்களை இதுவரை யாரும் புரட்டியதாகத் தெரியவில்லை.