குன்னூர் ஈரமும் மெய்நிகர் டேப் நூலகமும்

குன்னூரில் நான் பணிபுரியும் தேயிலைத் தொழிற்சாலையின் பச்சை இலைக் கொள்முதல் கணக்கும் ஏலக் கணக்கும் பல ஆண்டுகளாகக் காந்த நாடாவான டேப்பில்தான் பேக்கப் (காப்பு நகல்) ஆகிவந்தன. சென்ற ஐப்பசி மழையில் நாடா அடங்கிய பெட்டியான ஒரு கேட்ரிட்ஜின் சிறு கதவைத் தள்ளிப் பார்த்தபோது, நாடாவின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை படர்ந்திருந்தது. அன்றிரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

இந்த வாரம் லினக்ஸ் சர்வர் ஒன்றில் மெய்நிகர் டேப் நூலகத்தை நிறுவிவிட்டேன். வட்டிலுள்ள கோப்புகளையே கேட்ரிட்ஜுகளாகவும், அவற்றை எடுத்து மாட்டும் ரோபோவையும் டிரைவையும் உண்மையான கருவிகள் போலவும் அது ஐஸ்கஸி (சேமிப்புக் கருவிகளை நெட்வொர்க் மூலம் இணைக்கும் முறை) வழியே காட்டுவதால், பழைய பேக்கப் மென்பொருளின் அட்டவணையில் கைவைக்க வேண்டியிருக்கவில்லை. கேட்ரிட்ஜுகளுக்குத் தரும் பார்கோடில் மட்டும் மிகுந்த கவனம் தேவை: எட்டு எழுத்துகளில் கடைசி இரண்டு, எல்8 என்றால் எட்டாம் தலைமுறை என்பதுபோல, டேப்பின் தலைமுறையைக் குறிக்கின்றன. எல்லாம் ஒரே வட்டில் இருப்பது ஆபத்து என்பதால், ஞாயிறுதோறும் கோவையிலுள்ள சர்வருக்கும் ஒரு நகல் போகிறது.