எட்டு இலக்கம், இரண்டு கிலோ

நேற்று மூன்று மணிக்கு எனக்கு சூம் மீட்டிங். இரண்டே முக்காலுக்குப் பார்த்தால், வைஃபை பாஸ்வேர்டை மாற்றிவிட்டு நம்ம சின்னவன் ஹட்டனுக்கு டியூசன் போய்விட்டான். தேயிலைத் தோட்டத்து லயத்துப் பொடியன்கள் வாசல் படியில் உட்கார்ந்து நம்ம வைஃபையில் கேம் விளையாடுகிறார்களாம். ரவுட்டரில் ஒரு துண்டுச் சீட்டு: "எட்டு இலக்கம். வலப்பக்கமிருந்து ஒவ்வொன்றாக வெட்டு. கடைசி வரை முதன்மை எண். இந்த வகையில் இதைவிடப் பெரிசு கிடையாது."

முதன்மை எண் என்றால் ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதாலும் மீதியின்றிப் பிரியாதது. கொழுந்து கிள்ளுகிற மாதிரி எண்ணைக் கிள்ளச் சொல்கிறான்.

வீட்டுக்குள் எப்போது சிக்னல் இருந்தது? குடையோடு, தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரைக்கு ஓடினேன். அவன் போன் ஆஃப். ரீலோட் போடலாமென்றால் கடையும் பூட்டு.

சரி, நானும் ஓ.எல். பரீட்சையில் கணக்குக்கு சி எடுத்தவள்தானே என்று கரண்ட் பில்லின் பின்பக்கத்தில் தொடங்கினேன். பெரிசு என்றால் 7-இல்தானே ஆரம்பிக்கும்? அப்புறம் ஒட்டுவதெல்லாம் 1, 3, 7, 9 மட்டும். இரட்டையோ 5-ஓ கடைசியில் வந்தால் உடனே பிரிந்துவிடும். 79-இல் ஏறினால் 797-லேயே வண்டி நின்றது. 7979 கூட 79 தரம் 101. திரும்பி வந்து 73, 739, 7393. இந்த 7393 முதன்மையா என்று பார்க்கவே 83 வரையுள்ள முதன்மை எண்கள் அத்தனையாலும் வகுக்கணும். 41-க்கு வரும்போது மணி மூன்று இருபது, அடுப்பில் பருப்பு கரி. எட்டு இலக்கத்துக்கு எட்டாயிரத்து ஐந்நூறைத் தாண்டி வகுக்கணும். அதற்குள் எனக்கு பென்சனே வந்துவிடும்.

வாசல் திண்ணை இஸ்தோப்பில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த அம்மா எட்டிப் பார்த்தார். "பாஸ்வேர்டா புள்ள? எழுவத்து மூணு, தொண்ணூத்து மூணு, தொண்ணூத்தொண்ணு, முப்பத்து மூணு."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பின்ன நான் சீரியல் எதுல பாக்குறேன்?"

73939133. போட்டதும் ஏறியது. மீட்டிங்கில் நன்றியுரை ஓடிக்கொண்டிருந்தது.

எப்படி ஞாபகம் வைத்தீர்கள் என்று கேட்டேன். 73 பஞ்சம், மரவள்ளிக் கிழங்குக்கு அலைந்தது. 93 அப்பா போனது. 91 நான் பெரிய மனுசியானது (இதைப் பேரனிடமும் சொல்லியிருக்கிறார், எங்கே போய் முட்டிக்கொள்வது).

"33?"

"அப்பா போய் மறுபடி வேலைக்குப் போன அன்னிக்கி நான் எடுத்த கொழுந்து. முப்பத்து மூணு கிலோ. சாக்குக்கு, தண்ணிக்குன்னு வெட்டி, முப்பத்தொண்ணுன்னுதான் போட்டாங்க."

ராத்திரி சின்னவனிடம் சொன்னேன். திட்டத்தான் கூப்பிட்டேன், வேறு எதையோ சொல்லிவிட்டேன். அவன் பேசாமல் கரண்ட் பில்லை எடுத்து 73939131 என்று எழுதி, இலக்கங்களைக் கூட்டினான். 36.

"ஒன்பதால் பிரியுது அம்மாயி. அவங்க போட்ட கணக்குத்தான் பிழை."

"அதத்தானே நானும் அன்னிக்கே சொன்னேன்" என்றார் அம்மா.