களிம்பு ஏறிய கனெக்டர்

திருவான்மியூரில் கடற்கரைக்கு நடந்தே போய்விடக்கூடிய தொலைவில் எங்கள் வீடு இருக்கிறது. சன்னல் கம்பிகளுக்கு வண்ணம் பூசி எத்தனை ஆண்டுகள் ஆயின என்பதைத் தெருவில் நின்றே கணித்துவிடக்கூடிய பகுதி இது. ஆகவே என் மின்சக்கர நாற்காலியையும் துரு விட்டுவைக்காது என்று வாங்கிய நாளிலேயே அறிந்திருந்தேன். அது எங்கிருந்து தொடங்கும் என்பதில்தான் என் கணக்குப் பிழைத்தது. கண்ணில் படும் இரும்புச் சட்டத்தை நான் வாரந்தோறும் துடைத்துக்கொண்டிருக்க, நாற்காலியோ ஒரு மாலை மருந்துக்கடையிலிருந்து திரும்பும்போது, ஜாய்ஸ்டிக்கில் விளக்குகள் மட்டும் விட்டுவிட்டு மின்ன, நடுத்தெருவில் நின்றுவிட்டது.

பின்புறத்தில் மோட்டார்களை ஒட்டியுள்ள நெம்புகோல்களை விடுவித்தால்தான் சக்கரங்கள் உருளும் என்று வழியில் போனவர்களுக்கு எடுத்துச் சொல்லி, ஒருவாறு வீடு வந்து சேர்ந்தேன். மறுநாள் ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவர் பேட்டரிப் பெட்டியைத் திறந்து, மோட்டார்களுக்கு மின்சாரத்தை அளந்து கொடுக்கும் கன்ட்ரோலருக்குப் போகும் கனெக்டரைப் பிடுங்கிக் காட்டினார். பழைய செம்புப் பாத்திரத்தில் இருப்பதுபோல் அதன் உள்ளே பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் தொடராக இணைந்து 24 வோல்ட் தருகின்றன. பேட்டரிகள் நிறைந்திருந்தாலும், மோட்டார் அதிக மின்னோட்டம் இழுக்கும் நேரத்தில் களிம்பு ஏறிய முனையிலேயே மின்னழுத்தம் சரிந்துவிடுவதால், கன்ட்ரோலர் அதைக் கோளாறாகக் கொண்டு இயக்கத்தை நிறுத்திவிடுகிறது.

கடலோரம் போய்வந்தால்தான் உப்பு படியும் என்று நினைத்திருந்தேன். காற்று அதை வீட்டுக்கே கொண்டுவருகிறது. அதைவிட முக்கியமானது, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்பு தானாகவே நீரை உறிஞ்சிக் கரையத் தொடங்கிவிடும் என்பது. சென்னையின் பெரும்பாலான இரவுகளில் இந்த அளவு எளிதாக எட்டப்படுகிறது. மாலையில் படிந்த உப்பு, நாம் உறங்கும்போது உப்புநீர்ப் படலமாகி உலோகத்தின் மேல் வேலை செய்கிறது. எனவே வெளியே போய்வந்த நாளில் படுக்கப்போகுமுன் துடைப்பதும், மறுநாள் காலையில் துடைப்பதும் ஒன்றல்ல.

துடைக்கும் நீரிலும் நான் ஏமாந்திருக்கிறேன். எங்கள் குடியிருப்பின் ஆழ்குழாய்க் கிணற்று நீர் உவர்நீர். அதில் நனைத்த துணியால் துடைத்து, உப்பை எடுப்பதாக எண்ணிக்கொண்டு, உப்பைப் பூசிக்கொண்டிருந்தேன். இப்போது குடிநீர் கேனிலிருந்து ஒரு சொம்பு எடுத்து, துணியை நன்றாகப் பிழிந்து துடைத்தபின், உலர்ந்த துணியால் ஒருமுறை ஒற்றி எடுக்கிறார்கள். வீட்டில் உள்ளவர்கள் செய்வதுதான். நான் மேற்பார்வை மட்டும். குழாயைத் திருப்பி நீரைப் பீய்ச்சிக் கழுவுவது கூடவே கூடாது. ஜாய்ஸ்டிக்கின் ரப்பர் உறையில் மயிரிழை விரிசல் இருந்தாலும் நீர் உள்ளே இறங்கிவிடும்.

2022 நவம்பர் இறுதியில் மெரினாவில் மாற்றுத்திறனாளிகளுக்கான மரப்பாதை திறக்கப்பட்டு, இரண்டே வாரத்தில் மாண்டஸ் புயலில் சேதமடைந்ததும் பின்னர் சீரமைக்கப்பட்டதும் பலருக்கு நினைவிருக்கும். அங்கே போய்வரும் நாள்களில் மணலும் சேர்ந்துகொள்வதால், முன்சக்கரங்களின் கவைகளையும் போல்ட் தலைகளையும் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் முதலில் தட்டிவிட வேண்டியிருக்கிறது. அதற்காகக் கடலைப் பார்க்காமல் இருக்க முடியுமா?

துருப்பிடித்த போல்ட்டுகளைக் கழற்றிவிட்டு எவர்சில்வர் போல்ட் போட்டால் தொல்லை தீர்ந்தது என்று நானும் நம்பியிருந்தேன். போல்ட் இன்றும் பளபளக்கிறது. அது முறுக்கப்பட்ட அலுமினியக் குழாய்தான் வெள்ளைப் பொடியாக உதிர்ந்தது. இருவேறு உலோகங்களும் உப்புநீரும் சேர்ந்தால் அங்கே ஒரு சிறு மின்கலமே உருவாகி, அவற்றில் எளிதில் அரிக்கப்படக்கூடிய அலுமினியம் கரைகிறது. மரையில் கிரீஸ் தடவி முறுக்கினால் ஈரம் புகுவது பெருமளவு தடைபடும்.

எல்லாவற்றுக்கும் டபிள்யூ.டி.-40 அடிக்கும் வழக்கத்தையும் விட்டுவிட்டேன். 1950களில் அமெரிக்காவின் சான் டியேகோவில், அட்லஸ் ஏவுகணையின் மேற்பரப்பைத் துருவிலிருந்து காக்க நீரை வெளியேற்றும் திரவமாக உருவானது அது. பேரிங்கில் அடித்தால் உள்ளே இருக்கும் கிரீஸையும் கரைத்துக்கொண்டு போய்விடும். கனெக்டர்களுக்கு, பேட்டரி இணைப்பைத் துண்டித்துவிட்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து உலரவிட்டபின் சிலிக்கோன் கிரீஸை மெல்லியதாகத் தடவுகிறோம். பேட்டரி முனைகளுக்கு, நட்டை இறுக்கிய பிறகு மேலே வாசலின் போதும்.

பேட்டரியைப் பற்றி ஒன்றே ஒன்று: ஈய அமில வகையாக இருந்தால் சார்ஜ் இறங்கிய நிலையில் வாரக்கணக்கில் விட்டுவைக்கக் கூடாது. ஊருக்குப் போயிருந்த மூன்று வாரத்தில் ஒரு ஜோடியை அப்படித்தான் இழந்தேன்.

இனிப் பார்க்க வேண்டியவை மோட்டாரின் பின்னால் இருக்கும் மின்காந்த பிரேக்குகள். சரிவில் நாற்காலியைப் பிடித்து நிறுத்துபவை அவைதாம் என்பதால் வீட்டில் யாரையும் தொடவிடுவதில்லை. அடுத்த மாதம் சர்வீஸுக்கு ஆள் வரும்போது, பக்கத்தில் இருந்து பார்க்கப்போகிறேன்.