பெர்வெனெத்ஸைப் பார்க்க முடியவில்லை

ரஷ்யாவின் தூரக் கிழக்கில் இருக்கும் கம்சாத்காவின் கீசர் பள்ளத்தாக்குக்குச் சாலை கிடையாது. கீசர் என்றால் விட்டுவிட்டுப் பீறிடும் வெந்நீர் ஊற்று. மி-8 ஹெலிகாப்டரில்தான் போனோம். இறங்கியதுமே கந்தக வாடை. மரப்பலகைப் பாதையை விட்டுக் காலை வைக்காதீர்கள் என்று வழிகாட்டி திரும்பத் திரும்பச் சொன்னார். புல்லுக்கு அடியிலேயே சேறு கொதித்துக்கொண்டிருக்கும். கரடிகள் வரும் இடம் என்பதால் அவர் தோளில் துப்பாக்கி.

வெலிகான் கீசருக்காகக் காத்து நின்றோம். வெலிகான் என்றால் ராட்சதன். குழியில் நீர் மெல்ல ஏறி வழிந்தது. வழிய வழிய அடியில் அழுத்தம் குறைய, ஆழத்து வெந்நீர் சட்டென்று ஆவியாகி எல்லாவற்றையும் மேலே தூக்கி எறிந்தது. தரை அதிர்ந்தது. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

1941 ஏப்ரலில் நிலவியலாளர் தத்யானா உஸ்தினோவாவும் கம்சாத்காவின் பூர்வகுடியான இதெல்மென் இனத்து வழிகாட்டி அனிசிஃபோர் க்ருபேனினும் ஷூம்னயா ஆற்றங்கரையில் களைத்து உட்கார்ந்திருந்தபோது, எதிர்க்கரையிலிருந்து வெந்நீர் சீறியது. அவர்கள் இங்கே கண்ட அந்த முதல் கீசருக்குப் பெர்வெனெத்ஸ், அதாவது தலைச்சன் பிள்ளை, என்று பெயர் வைத்தார்கள். நான் முதலில் பார்க்க ஆசைப்பட்டது அதைத்தான். 2007 ஜூன் 3 நிலச்சரிவு அதை மூடிவிட்டது. வழிகாட்டி கை காட்டிய பக்கம் வெறும் கல்லும் மண்ணும். அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன்.