பஞ்சாயத்து அப்ரூவல் மனைக்கு வரன்முறை வாங்கிய அனுபவம்

'பஞ்சாயத்து அப்ரூவல்' என்று சொல்லி விற்கப்பட்ட மனையைக் கையில் வைத்துக்கொண்டு வீடு கட்ட வழி தெரியாமல் இருப்பவர்கள் சென்னையைச் சுற்றி இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள். நாங்களும் பல வருடம் அப்படித்தான் இருந்தோம். இப்போது மனைக்கு வரன்முறை ஆணை, அதாவது அங்கீகாரமில்லாத மனையைக் கட்டணம் வாங்கி முறைப்படுத்தும் ஆணை வந்து, கட்டட அனுமதியும் வந்துவிட்டது. இடையில் நடந்ததை எழுதி வைத்தால் அதே நிலையில் இருக்கும் யாருக்காவது உதவும்.

அப்பா அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டியவர். 1994இல் ஆவடிக்கு மேற்கே ஓர் ஊராட்சியில் 30க்கு 40 மனை ஒன்றை மாதத் தவணையில் வாங்கினார். தவணை வசூலிக்கும் ஆள் சம்பள நாளன்று கம்பெனி வாசலுக்கே வந்துவிடுவார். கடைசித் தவணை கட்டியதும் பத்திரம் பதிந்து கொடுத்தார்கள். கூடவே மனைப்பிரிவு வரைபடத்தின் நகல் ஒன்று. அதில் ஊராட்சித் தலைவரின் கையெழுத்தும் வட்ட முத்திரையும் இருந்தன. தெருக்கள் 20 அடி, நடுவில் 'பூங்கா' என்று ஒரு கட்டம். அதுவே அப்ரூவல் என்று எல்லோரும் நம்பினார்கள்.

உண்மையில் 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டப்படி, நிலத்தை மனைகளாகப் பிரிக்கச் சென்னைப் பெருநகர் பகுதியில் சி.எம்.டி.ஏ.வும் (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) மற்ற இடங்களில் டி.டி.சி.பி.யும் (நகர் ஊரமைப்பு இயக்ககம்) ஒப்புதல் தர வேண்டும். ஊராட்சித் தலைவரின் முத்திரை மட்டும் அதற்குப் போதாது. ஆனால் பத்திரப்பதிவு அலுவலகத்தில் அந்த நாளில் இதையெல்லாம் கேட்கவில்லை. முத்திரைத்தாள் கட்டணத்தை வாங்கிக்கொண்டு பதிந்து கொடுத்தார்கள். அரசாங்கமே பதிந்து கொடுத்த மனையில் குறை இருக்கும் என்று ஒரு லேத் தொழிலாளி எப்படி நினைப்பார்?

2016 செப்டம்பர் 9ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம், அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று உத்தரவு போட்டது. வழக்கறிஞர் 'யானை' ராஜேந்திரன் தொடுத்த பொதுநல வழக்கில் வந்த உத்தரவு அது. 2015 டிசம்பர் வெள்ளம் வடிந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. ஏரியையும் வயலையும் கூறு போட்டு விற்றதன் பலனை முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் ஊரே பார்த்திருந்தது. அந்த உத்தரவு வந்தபோது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் வயிறு கலங்கியது. ஆனாலும் அது சரியான உத்தரவு என்றுதான் அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

அடுத்த மாதம், அக்டோபர் 20ஆம் தேதி, அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியத் தடை சொல்லும் பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு தமிழ்நாட்டில் அமலுக்கு வந்தது. இந்தத் தேதியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். 20.10.2016க்கு முன்னால் ஒரு மனையாவது விற்றுப் பதிவாகியிருக்கும் மனைப்பிரிவுகளுக்குத்தான் வரன்முறைத் திட்டம். 2017 மே 4ஆம் தேதி அதற்கான விதிகள் அரசாணை எண் 78 ஆக வந்தன. கட்டணம் தாங்க முடியாது என்று பல பக்கமிருந்தும் குரல் எழுந்தபின், அதே வருடம் அக்டோபரில் குறைத்தார்கள். முதலில் ஆறு மாதம் என்றிருந்த அவகாசத்தையும் திரும்பத் திரும்ப நீட்டினார்கள்.

இங்கே பலரும் விழும் ஒரு குழி இருக்கிறது. ஏற்கெனவே வீட்டுமனையாக ஒருமுறை பதிவான மனையை அப்படியே மறுபடி விற்றுப் பதியலாம் என்று 22-ஏ பிரிவில் விலக்கு உண்டு. அதனால் "அதான் பத்திரம் பதியுதே, அப்புறம் எதுக்கு இந்தச் செலவு?" என்று எங்கள் மனைப்பிரிவிலேயே பலர் கேட்டார்கள். புரோக்கர்களும் அதைத்தான் சொல்லி விற்கிறார்கள். பத்திரம் பதியும், சரி. ஆனால் வரன்முறை இல்லாத மனையில் கட்டட அனுமதி கிடைக்காது. அனுமதி பெற்ற வரைபடம் இல்லாமல் வங்கியில் வீட்டுக்கடன் கிடைக்காது. மின் இணைப்பு, குடிநீர், கழிவுநீர் இணைப்பு எதையும் தரக் கூடாது என்றும் விதியே சொல்கிறது. பதிவு வேறு, அங்கீகாரம் வேறு. இதை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக உட்கார்த்தி வைத்துச் சொல்ல வேண்டியிருந்தது.

வரன்முறை இரண்டு கட்டமாக நடக்கிறது. முதலில் மனைப்பிரிவு முழுவதற்கும் சி.எம்.டி.ஏ. அல்லது டி.டி.சி.பி. கொள்கை அளவிலான ஒப்புதல் தர வேண்டும். அதன் பிறகுதான் அவரவர் மனைக்கு உள்ளாட்சி அமைப்பு வரன்முறை ஆணை கொடுக்கும். என் மனையில் எந்த வில்லங்கமும் இல்லை, பட்டா சுத்தமாக இருக்கிறது என்றாலும், மொத்த மனைப்பிரிவுக்கும் ஒப்புதல் வராமல் என் காகிதம் நகராது. மனை போட்டு விற்றவர் வராவிட்டால், வாங்கியவர்களே சங்கமாகவோ தனியாகவோ மனைப்பிரிவு விவரங்களைக் கொடுக்கலாம் என்று வழி இருக்கிறது. எங்களுக்கு விற்றவர் இருக்குமிடம் யாருக்கும் தெரியவில்லை. அவருக்குப் பவர் எழுதிக் கொடுத்த நில உரிமையாளரின் வாரிசுகள், "நாங்க பவர் கொடுத்ததோட சரி" என்று கதவைச் சாத்திவிட்டார்கள்.

ஆகவே மனை வாங்கியவர்களைத் தேடிப் பிடிப்பதே முதல் வேலையாயிற்று. இதில் கை கொடுத்தவர் அப்பாதான். எழுபதுக்கும் மேற்பட்ட மனைகளில் பாதிக்கு மேல் அம்பத்தூர், பாடி பக்கத்துத் தொழிலாளர்கள் வாங்கியவை. யார் எந்த ஷிப்ட், யார் எந்த ஊருக்குப் போய்விட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். மீதிப் பேரை வில்லங்கச் சான்றிதழ் வழியாகக் கண்டுபிடித்தோம். சர்வே எண்ணைக் கொடுத்துப் போட்டால் அந்த எண்ணில் நடந்த எல்லாப் பதிவுகளும் வரும். வாங்கியவர் பெயரும் மனை எண்ணும் அதிலேயே இருக்கும். 20.10.2016க்கு முன் விற்பனை நடந்ததற்கும் அதுவே ஆதாரம். ஒரே சர்வே எண் என்று நினைக்காதீர்கள். எங்கள் மனைப்பிரிவு மூன்று சர்வே எண்களில் கிடந்தது. பத்திரங்களிலோ பெரும்பாலும் ஒன்றைத்தான் குறிப்பிட்டிருந்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைகளுக்கு நடுவே இருந்த வேப்பமரத்தடியில் கூடினோம். ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு, உரிமம் பெற்ற சர்வேயர் ஒருவரை வைத்து அளந்து புதிய வரைபடம் போட்டோம். இருக்கிற தெரு அகலத்தை இருக்கிறபடியே ஏற்றுக்கொள்கிறார்கள் என்பது இந்தத் திட்டத்தில் பெரிய நிம்மதி. இன்றைய விதிப்படி தெருவை அகலப்படுத்தச் சொல்லியிருந்தால் ஓரத்து மனைகள் எல்லாம் போயிருக்கும். ஆனால் 'பூங்கா' என்று காட்டிய கட்டமும் 1999இலேயே இரண்டு மனைகளாக விற்கப்பட்டிருந்தது.

அப்புறம்தான் வாய்க்கால் விஷயம் வந்தது. சர்வேயர் கிராம வரைபடத்தையும், ஒவ்வொரு சர்வே எண்ணின் எல்லையையும் அளவோடு காட்டும் புலப்படத்தையும் வாங்கி, எங்கள் புது வரைபடத்தின் மேல் வைத்துப் பார்த்தார். புலப்படத்தில் தென்மேற்கு மூலையிலிருந்து சாய்வாக இரண்டு கோடுகள் ஓடின. அவற்றுக்கு நடுவே ஒரு தனி சர்வே எண். எந்த நிலம் என்ன வகை என்று எழுதி வைக்கும் கிராமத்தின் அ-பதிவேட்டில் அந்த எண்ணுக்கு எதிரே 'சர்க்கார் புறம்போக்கு – வாய்க்கால்' என்று இருந்தது. பக்கத்து ஏரியின் உபரிநீர் போகிற வழி. தரையில் பார்த்தால் வாய்க்காலுக்கு அடையாளமே இல்லை. மண் அடித்து மேடாக்கி, கல் நட்டு, விற்றுவிட்டார்கள். நான்கு மனைகள் அந்த இரண்டு கோடுகளின் மேல் விழுந்தன. எங்கள் மனைக்கும் அந்தக் கோட்டுக்கும் இடையே ஒரு தெருதான்.

நீர்நிலை, வாய்க்கால், அரசுப் புறம்போக்கு, உயர் அழுத்த மின்கம்பிக்குக் கீழே வரும் இடம் ஆகியவற்றில் விழும் மனைகளை வரன்முறைப்படுத்தவே முடியாது. விதியில் தெளிவாக இருக்கிறது. நான்கு பேரில் ஒருவர் அப்பாவோடு ஒரே ஷெட்டில் வேலை பார்த்தவரின் மனைவி. கணவர் இறந்தபின் இட்லிக் கடை வைத்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். தாலிச் செயினை அடகு வைத்துக் கடைசித் தவணைகளைக் கட்டிய மனை அது. புலப்படத்தைக் கையில் வாங்கி, அந்தக் கோடுகளின் மேல் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, "இது முன்னாடியே இருந்துச்சா தம்பி?" என்று கேட்டார். இருந்தது. அப்பா பத்திரம் பதிந்த நாளிலும் இருந்தது. தாலுகா அலுவலகத்தில், கேட்டால் கொடுக்கிற காகிதமாகத்தான் இருந்தது.

சிலர், வாய்க்காலைக் காட்டாமல் வரைபடம் போடலாம் என்றார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. எப்படியும் வருவாய்த் துறையிடம் அறிக்கை கேட்பார்கள், வெள்ள நீர் பற்றி நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்றும் கேட்பார்கள். அதைவிட, வாய்க்காலை மூடிவிட்டு அதே தெருவில் வீடு கட்டினால் அடுத்த பெருமழையில் நம் வீட்டுக் கூடத்தில்தான் தண்ணீர் நிற்கும். நான்கு மனைகளையும் விலக்கிக் காட்டியே வரைபடத்தைக் கொடுத்தோம். அந்த அம்மா உட்பட நான்கு பேரிடமும் முதலில் நேரில் சொல்லிவிட்டுத்தான் கொடுத்தோம். அதைவிடக் கஷ்டமான வேலை இந்த மொத்த அலைச்சலில் வேறெதுவும் இல்லை.

2018இல் விண்ணப்பித்தோம். இணையத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும், ஒரு மனைக்குப் பரிசீலனைக் கட்டணம் 500 ரூபாய். பதிவேற்றியதோடு வேலை முடிந்துவிடாது. பத்திரம், தாய்ப்பத்திரம், பட்டா, வில்லங்கம், மனையின் புகைப்படம் எல்லாவற்றின் நகலும் கையில் ஒரு செட் எப்போதும் வேண்டும். ஓர் அலுவலகத்தில் எங்கள் கோப்பு நெடுங்காலம் அப்படியே கிடந்தது. நடுவில் கொரோனா வேறு. கடைசியில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 'கோப்பின் இன்றைய நிலை என்ன, யாரிடம் இருக்கிறது' என்று கேட்ட பிறகுதான் அசைந்தது. பத்து ரூபாய்க் கட்டணத்தில் எழுதிப் போட்ட அந்த மனுவை எல்லோருக்கும் பரிந்துரைக்கிறேன்.

கொள்கை ஒப்புதல் வந்ததும் எங்கள் மனைக்கான வேலை ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் நடந்தது. வரன்முறைக் கட்டணம், வளர்ச்சிக் கட்டணம், பூங்காவுக்கு இடம் விடாததற்கான திறந்தவெளி ஒதுக்கீட்டுக் கட்டணம் என்று தனித்தனியாகக் கணக்கிடுகிறார்கள். மாநகராட்சியைவிட ஊராட்சிக்கு வீதம் குறைவு. கேட்புத் தொகையைக் கட்டிய ரசீதையும் வரன்முறை ஆணையையும் பத்திரத்தோடு சேர்த்தே வைத்திருங்கள். ஆணையில் மனை எண், சர்வே உட்பிரிவு, பரப்பளவு மூன்றும் பத்திரத்தோடு ஒத்துப்போகிறதா என்று அங்கேயே நின்று பார்த்துவிடுங்கள். எங்கள் பக்கத்து மனைக்காரருக்கு உட்பிரிவு எண் தவறாக அச்சாகி, திருத்தம் வாங்க மறுபடி ஒரு சுற்று அலைந்தார்.

கட்டட அனுமதி மட்டும் நினைத்ததைவிட எளிதாக முடிந்தது. 2024 ஜூலையில் சுயசான்றிதழ் திட்டம் வந்துவிட்டது. 2,500 சதுர அடிக்கு உட்பட்ட மனையில், 3,500 சதுர அடிக்கு உட்பட்டு, தரைத்தளம் அல்லது தரைத்தளமும் முதல் தளமுமாக வீடு கட்டுகிறவர்கள் இணையத்திலேயே விவரங்களைக் கொடுத்து, கட்டணம் கட்டி, உடனே அனுமதியை இறக்கிக்கொள்ளலாம். பணி நிறைவுச் சான்றிதழும் தேவையில்லை. ஆனால் மனை அங்கீகாரம் பெற்றதாகவோ வரன்முறை செய்யப்பட்டதாகவோ இருக்க வேண்டும். கொடுக்கிற விவரத்துக்கு நாமே பொறுப்பு. தவறு என்று தெரிந்தால் அனுமதி ரத்தாகும். எங்கள் 1,200 சதுர அடிக்கு இது கச்சிதமாகப் பொருந்தியது. வங்கியிலும் அதே அனுமதியைக் காட்டிக் கடன் கேட்டாயிற்று.

இப்போது நாங்கள் சங்கமாகக் கூடி, அந்த நான்கு பேருக்காக அரசுக்கு ஒரு மனு தயாரித்துக்கொண்டிருக்கிறோம். வாய்க்கால் வாய்க்காலாகவே இருக்கட்டும், அதில் மாற்றுக் கருத்து இல்லை. தோண்டி மீட்டுத் தந்தால் முதலில் சந்தோஷப்படுவது நாங்கள்தான். ஆனால் அரசுப் புறம்போக்கைத் தனியார் மனை என்று அரசு அலுவலகத்திலேயே பதிந்து கொடுத்து, அதற்குக் கட்டணமும் வாங்கியிருக்கிறார்கள். கட்டிய முத்திரைத்தாள் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும், விற்றவரின் மற்ற சொத்துகளிலிருந்து மனையின் விலையை மீட்டுத் தர வழி செய்ய வேண்டும், நான்கு பேரில் வேறு வீடோ மனையோ இல்லாதவர்களுக்கு அரசின் வீட்டுமனைப் பட்டா தர வேண்டும். இந்த மூன்றும்தான் கோரிக்கை. நான்கு பத்திரங்களின் நகலும் புலப்படமும் இணைத்தாயிற்று. வருகிற திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் அந்த அம்மாவே மனுவைக் கொடுக்கிறார்.